பண்டிதர் வேலைக்கு என்ன தகுதி? ‘என் சரித்திர’த்தை ஆசிரியர் நியமன வரலாறாக வாசிப்பது

‘என் சரித்திரம்’ பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் போய் நிற்கிறார்கள். 1880 அக்டோபரில், கும்பகோணத்துக்கு முன்சீபாக வந்த சேலம் இராமசுவாமி முதலியார், கல்லூரித் தமிழ்ப் பண்டிதரான உ.வே.சாமிநாதையரிடம் என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று விசாரிக்கிறார். அவர் அடுக்கிய நூல்களையெல்லாம் கேட்டுவிட்டு, சிந்தாமணி படித்ததுண்டா என்கிறார். அங்கிருந்து ஏட்டுச் சுவடிகள், பதிப்புகள், சங்க இலக்கியம் என்று கதை வேகமெடுக்கிறது. அந்த இடத்தில் நிற்பது நியாயம்தான்.

ஆனால் எனக்கு அதற்கு எட்டு மாதம் முன்னால் நடந்தது ஒன்று விடாமல் உறுத்திக்கொண்டே இருக்கிறது. 1880 பிப்ரவரி 16 அன்று, 25 வயது நிரம்ப மூன்று நாள் இருக்கும்போது, உ.வே.சா. கும்பகோணம் அரசுக் கல்லூரியில் வேலையில் சேர்கிறார். மாதச் சம்பளம் 50 ரூபாய். அவரிடம் எந்தப் பள்ளிக்கூடத்துச் சான்றிதழும் இல்லை, பல்கலைக்கழகப் பட்டமும் இல்லை, பயிற்சிப் பள்ளி வாசலை அவர் மிதித்ததும் இல்லை. சென்னையில் ஆசிரியர்களைத் தயாரிப்பதற்கென்றே சர்க்கார் நார்மல் பள்ளி தொடங்கி அப்போது 24 வருஷம் ஆகியிருந்தது. அப்புறம் எப்படி இவருக்கு வேலை கிடைத்தது?

இந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு நூலை மறுபடி வாசித்தால், அது வேறு ஒரு புத்தகமாகத் தெரிகிறது. தஞ்சாவூர் ஜில்லாவில் ஆசிரியர்கள் எப்படி உருவானார்கள், யார் அவர்களை ஆசிரியர் என்று ஒத்துக்கொண்டார்கள், யாருக்கு ஒத்துக்கொள்ளும் அதிகாரம் கைமாறியது என்பதற்கெல்லாம் அது ஒரு சாட்சி. என் வாதம் இதுதான்: அந்தச் சாட்சி பாதியை அபாரமாகச் சொல்கிறது, மறுபாதி அதன் கண்ணில் படவே இல்லை. அந்த மறுபாதியைச் சேர்க்காமல் நாம் அதை மேற்கோள் காட்டும்போதுதான் சிக்கல்.

முதலில் நியமனக் கதை. கும்பகோணம் கல்லூரியில் தமிழ்ப் பண்டிதராக இருந்தவர் தியாகராச செட்டியார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணாக்கர். உடல்நலம் கெட்டு ஓய்வுபெற நினைக்கிறபோது, தன் இடத்துக்கு யாரைக் கொண்டுவரலாம் என்று அவரே யோசிக்கிறார். அதே ஆசிரியரிடம் கடைசி ஐந்து வருஷம் படித்த சாமிநாதையர், திருவாவடுதுறை மடத்தில் தம்பிரான்களுக்குப் பாடம் சொல்லிக்கொண்டிருக்கிறார். செட்டியார் மடத்துக்கே போய்க் கேட்கிறார். ஆதீனத் தலைவர் சுப்பிரமணிய தேசிகருக்கு விட மனசில்லை. பிறகு சம்மதித்து ஆசீர்வாதத்தோடு அனுப்புகிறார். கும்பகோணத்தில் செட்டியார் இவரைக் கல்லூரி ஆசிரியர்களிடம் கூட்டிக்கொண்டு போகிறார். அவர்கள் பாடல் சொல்லச் சொல்கிறார்கள், பொருள் கேட்கிறார்கள், செய்யுள் இயற்றச் சொல்கிறார்கள். திருப்தி வருகிறது. முதல்வர் கோபால ராவ் ஏற்றுக்கொள்கிறார். வேலை முடிவாகிறது.

இன்றைய கண்ணுக்கு இது சிபாரிசு மாதிரி தெரியும். சிபாரிசுதான். ஆனால் என்ன மாதிரி சிபாரிசு என்று பாருங்கள். பரிந்துரைக்கிறவருக்கு அந்த வேலையின் உள்ளும் புறமும் தெரியும். பரிந்துரைக்கப்படுகிறவரின் படிப்பு எங்கே, யாரிடம், எத்தனை வருஷம் என்பதும் தெரியும். இளையவர் தடுமாறினால் கெட்டுப்போவது செட்டியார் பெயரும், காலமான ஆசிரியரின் பெயரும். அதற்கு மேல் நேரடிச் சோதனை வேறு. ஒரு ஆசிரியரைத் தேர்ந்தெடுப்பதற்கு இதைவிட நுணுக்கமான வழியை நான் அதிகம் பார்த்ததில்லை.

சரி, அந்த ஒரு ஆசிரியர் உருவாவதற்கு என்ன செலவாயிற்று? நூலின் முதல் பகுதி முழுக்க இதற்கான கணக்குதான். பாபநாசத்துக்குப் பக்கத்தில் உத்தமதானபுரத்தில் திண்ணைப் பள்ளி. பிறகு அரியலூரில் சடகோபையங்கார். குன்னத்தில் சிதம்பரம் பிள்ளை. காரையில் கிருஷ்ணசாமி ரெட்டியார். செங்கணத்தில் விருத்தாசல ரெட்டியார். ஒருவரிடம் இருப்பது தீர்ந்ததும் அடுத்த ஊர். சங்கீத வித்துவானான தகப்பனார் வேங்கடசுப்பையர், மகனுக்குத் தமிழ் சொல்லித்தர ஆள் தேடிக் குடும்பத்தையே ஊர் ஊராகப் பெயர்த்துக்கொண்டு போகிறார். இத்தனைக்கும், இங்கிலீஷ் படித்தால் இந்த லோகத்தில் சுகம், சம்ஸ்கிருதம் படித்தால் அந்த லோகத்தில் சுகம், தமிழ் படித்து என்ன பிரயோஜனம் என்று சொந்தக்காரர்கள் கேட்டுக்கொண்டிருந்த காலம். 1871ல் மாயூரத்தில் பிள்ளையவர்களிடம் வந்து சேரும்போது பையனுக்குப் பதினேழு வயது நடக்கிறது.

இந்தப் பயணம் நெகிழ்ச்சியாக எழுதப்பட்டிருக்கிறது. அதை அப்படியே ஒரு கல்வி ஏற்பாட்டின் வரைபடமாகவும் பார்க்க வேண்டும். பள்ளிக்கூடம் மாணவனைத் தேடி வராது. மாணவன்தான் ஆசிரியரைத் தேடி நடக்க வேண்டும். நடக்கக்கூடிய குடும்பம் எது? போகிற ஊரில் சாப்பாடும் தங்குமிடமும் தானாகக் கிடைக்கக்கூடிய குடும்பம். பாட்டுப் பாடினால் ஆதரிக்க மிராசுதார்களும், போய்ச் சேர்ந்தால் சோறு போட மடமும் சத்திரமும் இருக்கிற உலகத்தில்தான் இந்த நடை சாத்தியம். வேங்கடசுப்பையர் பணக்காரர் இல்லை, கஷ்டப்பட்டார். ஆனால் எந்த ஊர் அக்ரகாரத்திலும் அவருக்கு ஒரு திண்ணை உண்டு. அறுவடைக் கூலிக்கு நின்ற பண்ணையாள் தன் மகனைக் கூட்டிக்கொண்டு இப்படி ஊர் ஊராகக் கிளம்பியிருக்க முடியுமா? கிளம்பினால் எந்தத் திண்ணை?

பிள்ளையவர்கள் தன்னளவில் கதவைத் திறந்துதான் வைத்திருந்தார். நாகூர் குலாம் காதிறு நாவலரும் புதுச்சேரி சவரிராயலு நாயகரும் அவர் மாணாக்கர்கள். சொல்லிக்கொடுத்ததற்கு அவர் கூலி வாங்கவில்லை. பல மாணாக்கர்களுக்குச் சாப்பாடும் அவர் பொறுப்பாகவே இருந்தது. விளைவு, தமிழ்நாட்டின் மிகப் பெரிய ஆசிரியர் கடனாளியாக வாழ்ந்து 1876ல் காலமானார். இந்த முறையில் மாணவர் பக்கம் மட்டுமில்லாமல் ஆசிரியர் பக்கமும் நிரந்தர வருமானம் கிடையாது என்பதை உ.வே.சா. மறைக்கவில்லை. குருகுலப் பெருமை பேசுகிறவர்கள் இந்தப் பக்கங்களை வேகமாகப் புரட்டிவிடுகிறார்கள்.

இப்போது கொஞ்சம் பின்னால் போகிறேன். இந்தக் கேள்வியை சர்க்கார் முதலில் எப்படிக் கேட்டது என்பதற்காக. 1822ல் சென்னை கவர்னர் தாமஸ் மன்றோ, ஜில்லா ஜில்லாவாகப் பள்ளிக்கூடக் கணக்கு எடுக்கச் சொன்னார். தஞ்சாவூரிலிருந்து போன கணக்கில் 884 பள்ளிகள், 109 ‘கல்லூரிகள்’, கல்லூரிகளில் 769 மாணவர்கள். கல்லூரி என்றால் வேத சாஸ்திரங்கள் சொல்லிக்கொடுத்த இடம். சராசரியாக ஒரு ஆசிரியரைச் சுற்றி ஏழு பேர். மொத்த ராஜதானிக்கும் 12,498 பள்ளிகள் என்று கணக்கு முடிந்தது.

1826 மார்ச்சில் மன்றோ எழுதிய குறிப்புதான் நமக்கு முக்கியம். கல்வி தாழ்ந்திருப்பதற்கு அவர் சொன்ன காரணங்களில் ஒன்று வெகு சாதாரணமானது: ஆசிரியருக்கு மாதம் ஆறேழு ரூபாய்க்கு மேல் வருவதில்லை, தகுதியுள்ள ஆட்களை இந்தத் தொழிலுக்கு இழுக்க இந்தக் காசு போதாது. மருந்தும் சொன்னார். ஜில்லாவுக்கு இரண்டு பெரிய பள்ளிகள், ஆசிரியருக்கு 15 ரூபாய். தாசில்தாரிப் பள்ளிகள் 300, ஆசிரியருக்கு 9 ரூபாய். சென்னையில் ஆசிரியர்களைப் பயிற்றுவிக்க ஒரு பள்ளி. எல்லாம் சேர்ந்து வருஷத்துக்கு 48,000 ரூபாய். மறு வருஷமே மன்றோ காலராவில் இறந்துபோனார். திட்டம் அரைகுறையாக நடந்து, 1836ல் அந்தப் பள்ளிகளை மூடிவிட்டார்கள்.

‘தகுதியுள்ள ஆள்’ என்ற அந்தச் சொல் இங்கேதான் சர்க்கார் காகிதத்தில் உட்காருகிறது. கவனியுங்கள், மன்றோ அதைச் சம்பளப் பிரச்சினையாகத்தான் சொன்னார். ஆள் இல்லை என்று அவர் சொல்லவில்லை. இந்தக் கூலிக்கு நல்ல ஆள் வரமாட்டான் என்றார். அடுத்த முப்பது வருஷத்தில் இந்த வாக்கியம் தலைகீழாகிவிட்டது. 1854ல் வந்த கல்விச் சாசனம், உட் துரை பேரில் வழங்குவது, பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் இல்லாததே பெரிய குறை என்றது. நல்ல சம்பளமும் வேண்டும் என்று அது சொல்லாமலில்லை. ஆனால் நடைமுறையில் பயிற்சிக்கும் சான்றிதழுக்கும் கிடைத்த கவனம் கிராமத்து வாத்தியார் வருமானத்துக்குக் கிடைக்கவில்லை.

இதில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. உ.வே.சா. தன் திண்ணைப் பள்ளியைச் சொல்லும்போது சட்டாம்பிள்ளை வருகிறார்: வாத்தியார் இல்லாத நேரத்தில் சின்னப் பையன்களை மேய்க்கும் பெரிய பையன். தமிழ்நாட்டுப் பள்ளிகளில் மூத்தவன் இளையவனுக்குச் சொல்லிக்கொடுப்பது பழைய வழக்கம். 1790களில் எழும்பூர் அனாதைப் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல் இதே முறையை எடுத்துக்கொண்டு இங்கிலாந்துக்குப் போய்ப் புத்தகம் போட்டார். அங்கே ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயரிலேயே பரவியது. கொஞ்ச காலத்தில் இது போதாது என்று அவர்களுக்குப் பட்டு, 1846ல் மாணவ ஆசிரியர் முறை வந்தது: பெரிய மாணவனுக்கு உதவித்தொகை கொடுத்துப் பழக்கி, பயிற்சிப் பள்ளிக்கு அனுப்பி, சான்றிதழ் கொடுப்பது. 1854 சாசனம் இந்த முறையை இந்தியாவுக்குச் சிபாரிசு செய்கிறது. எழும்பூரிலிருந்து கிளம்பிய சட்டாம்பிள்ளையின் இடத்தில், அறுபது வருஷம் கழித்து உதவித்தொகையும் சான்றிதழும் உள்ள ஒருவர் கப்பலில் வந்து இறங்குகிறார். நம்மூர்ச் சட்டாம்பிள்ளையோ அதே திண்ணையில் பிரம்போடு நின்றுகொண்டிருக்கிறார், அவருக்குச் சான்றிதழ் கிடையாது.

1856ல் சென்னை நார்மல் பள்ளி. அங்கிருந்து வருஷத்துக்கு வெளிவந்தவர்கள் சில டஜன் பேர் என்று வைத்துக்கொண்டாலும், தஞ்சாவூர் ஒரு ஜில்லாவிலேயே 884 பள்ளிகள் இருந்ததாகக் கணக்கு. எப்படிப் பார்த்தாலும் கணக்கு உதைக்கிறது. அதனால் சர்க்கார் இன்னொரு வழி கண்டுபிடித்தது: 1860களின் பிற்பகுதியிலிருந்து, தேர்ச்சிக்குத் தகுந்த மானியம். இன்ஸ்பெக்டர் வருவார், பிள்ளைகளைச் சோதிப்பார், எத்தனை பேர் எந்தப் பாடத்தில் தேறினார்களோ அதற்குத் தகுந்த காசு. திண்ணை வாத்தியாரின் தகுதியை அவர் கற்றதை வைத்துப் பார்க்காமல், பரீட்சை நாளன்று பிள்ளைகள் சொன்ன பதிலை வைத்துப் பார்த்தார்கள். ஊரார் கொடுத்த நெல்லும், நவராத்திரியில் பிள்ளைகள் வீடு வீடாகப் பாடிச் சேர்த்துக் கொடுத்த காசும் போதாமல் இருந்தவருக்கு இது வரும்படிதான். கூடவே, யாருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பதும் மாறிவிட்டது. முன்னால் ஊர், இப்போது இன்ஸ்பெக்டர்.

இந்தப் பின்னணியில் 1880 நியமனத்தை வைத்துப் பார்த்தால்தான் அதன் விசித்திரம் புரியும். கீழே ஆயிரக்கணக்கான வாத்தியார்களுக்குப் பரீட்சையும் இன்ஸ்பெக்டரும். மேலே, கல்லூரித் தமிழ் நாற்காலிக்கு மட்டும் மடத்துப் படிப்பும் குரு பரம்பரையும் போதும். ஏன்? தமிழில் பட்டம் என்ற ஒன்று அப்போது கிடையாது. அதனால் சான்றிதழ் கேட்கவும் வழியில்லை. அந்த இடைவெளி வழியாகத்தான் திருவாவடுதுறையிலிருந்து ஒரு ஆள் கும்பகோணம் கல்லூரிக்குள் நுழைய முடிந்தது. அதே இடைவெளிதான் தமிழ்ப் பண்டிதரைக் கல்லூரிச் சம்பளப் பட்டியலின் அடிவரிசையில் வைத்திருந்ததும். அளக்க முடியாத தகுதியை அவர்கள் மதித்தார்கள், ஆனால் மலிவாக மதித்தார்கள்.

எதிர்ப்பக்கத்திலிருந்து ஒருவரைப் பார்க்கலாம். தஞ்சாவூர் ஆபிரகாம் பண்டிதர். 1859ல் தென்காசிப் பக்கம் சாம்பவர்வடகரையில் பிறந்தவர், உ.வே.சா.வுக்கு நாலு வயது இளையவர். இவர் முறைப்படி பயிற்சி பெற்ற ஆசிரியர். திண்டுக்கல் நார்மல் பள்ளியில் படித்து அங்கேயே வேலையும் பார்த்தார். 1880களில் தஞ்சாவூருக்கு வந்து, அவரும் மனைவியும் லேடி நேப்பியர் பெண்கள் பள்ளியில் ஆசிரியர்களானார்கள். 1890ல் வேலையை விட்டுவிட்டுச் சித்த மருத்துவத்தில் இறங்கினார். கருணானந்தர் பெயரில் மருந்துகள், ஊருக்கு வெளியே பெரிய தோட்டம், கடைசியில் 1917ல் ‘கருணாமிர்த சாகரம்’ என்ற இசை ஆராய்ச்சி நூல். தமிழ் இசைக்கு அது கொள்ளை லாபம். பள்ளிக்கூடத்துக்கு? சர்க்காரும் மிஷனும் எதற்காக ஏங்கினவோ அப்படிப்பட்ட ஆள், சான்றிதழோடு கையில் கிடைத்தும், ஏழெட்டு வருஷத்தில் நழுவிப்போனார். மன்றோ சொன்னது இதைத்தான். ஆளைத் தயாரிப்பது ஒரு வேலை, தயாரித்த ஆளைத் தக்கவைப்பது இன்னொரு வேலை.

இப்போது நூலின் மீது என் குறையைச் சொல்கிறேன். உ.வே.சா. கூர்மையான கண் உள்ளவர். எந்த ஊரில் யார் சோறு போட்டார்கள், என்ன பலகாரம், மழை பெய்ததா என்பது வரை எழுதுகிறார். ஆனால் திண்ணை வாத்தியார்கள் அவர் கதையில் பிள்ளைப்பருவ நினைவாக மட்டும் வருகிறார்கள்: பிரம்பு, பயம், விடியற்காலைப் பாடம். அவர்களுடைய தொழிலுக்கு என்ன ஆயிற்று என்பது வருவதில்லை. இவர் கல்லூரியில் பாடம் நடத்திய 23 வருஷத்தில் (1903ல் சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாறினார்) சுற்றுவட்டாரத் திண்ணைப் பள்ளிகள் மானியம் வாங்கி உருமாறிக்கொண்டும் மறைந்துகொண்டும் இருந்தன. தான் ஏறி வந்த ஏணியின் அடிப்படிகள் ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டிருந்தது அவர் அக்கறைக்குள் வரவில்லை. சுவடிகள் அழிவதைப் பார்த்துத் துடித்த மனிதர், சுவடி படிக்கச் சொல்லிக்கொடுத்தவர்கள் அழிவதைப் பற்றி அந்த அளவு எழுதவில்லை.

அதேபோல, வராதவர்கள் யார் என்ற கேள்வியும் அந்தப் பக்கங்களில் எழுவதில்லை. காவிரிப் படுகையில் சேற்றில் நின்று நெல் விளைவித்தவர்களின் பிள்ளைகளுக்குத் திண்ணையிலும் மடத்திலும் இடமில்லை என்பது அந்த உலகத்தின் இயல்பான காற்று; காற்றைப் பற்றி யாரும் எழுதுவதில்லை, அவரும் எழுதவில்லை. பெண்கள் விஷயம் இன்னும் பளிச்சென்று தெரிகிறது. பிள்ளையவர்களின் நண்பர் மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளை, நூலில் மரியாதையோடு வருகிறவர். பெண்கள் படிக்க வேண்டும் என்று ‘பெண்மதி மாலை’ எழுதியவர் அவர். அந்த ஊரில், அந்த வருஷங்களில், அந்த வட்டத்தில்தான் நம் கதாநாயகர் படித்தார். ஆனாலும் அவர் படிப்புக் கதையில் கூடப் படித்த பெண் என்று ஒருவரும் இல்லை.

இதே குறையை, இதைவிடப் பெரிய அளவில், தரம்பாலின் ‘அழகிய மர’த்தை மேற்கோள் காட்டுகிறவர்களிடம் பார்க்கிறேன். 1983ல் வந்த அந்த நூல் மன்றோ கணக்கை முழுசாக அச்சிட்டது பெரிய உபகாரம். வெள்ளைக்காரன் வருவதற்கு முன் இங்கே கல்வியே இல்லை என்ற கதையை அது உடைத்தது. ஆனால் 884, 109 என்ற எண்களை மட்டும் பிடுங்கிக்கொண்டு வந்து ‘பாருங்கள், எல்லோருக்கும் கல்வி இருந்தது’ என்று முடிப்பது வேறு கதை. அதே கணக்கில் பெண்கள் விரல்விட்டு எண்ணுகிற அளவு. தேவதாசிக் குலத்தவர் போலச் சிலருக்குத்தான் படிப்பு என்று மன்றோவே குறித்திருக்கிறார். அதே குறிப்பில் ஆசிரியரின் ஆறேழு ரூபாயும் இருக்கிறது. மரம் அழகாக இருந்திருக்கலாம். வாத்தியார் அதன் நிழலில் அரைப்பட்டினியாகத்தான் உட்கார்ந்திருந்தார்.

பெண்களுக்குப் பெண் ஆசிரியர் வேண்டும் என்ற இடத்தில்தான் காலனிய ஆசிரியர் பற்றாக்குறை உச்சத்துக்குப் போயிற்று. சனாதனக் குடும்பங்கள் ஆண் ஆசிரியரிடம் பெண்ணை அனுப்பமாட்டார்கள். மிஷன் பள்ளி ஆசிரியை என்றால் மதம் மாற்றிவிடுவார் என்று பயம். ஜாதி இந்துப் பெண்களில் ஆசிரியை கிடைக்க வேண்டுமானால் முதலில் அவர்கள் படித்திருக்க வேண்டும். படிக்க ஆசிரியை வேண்டும். இந்த முடிச்சை அவிழ்த்தவர், தஞ்சாவூர் ஜில்லாவைப் பூர்வீகமாகக் கொண்ட குடும்பத்தில் 1886ல் மயிலாப்பூரில் பிறந்த சுப்புலட்சுமி. பதினோரு வயதில் கல்யாணம், கொஞ்ச நாளிலேயே விதவை. 1911ல் மாநிலக் கல்லூரியில் பி.ஏ. முடித்தார். 1912ல் சில இளம் விதவைகளோடு ஒரு இல்லம் தொடங்கினார். பெண்கள் பள்ளிகளின் ஆய்வாளர் கிறிஸ்டினா லிஞ்சும் சர்க்காரும் ஆதரவு கொடுத்தார்கள். இரக்கம் ஒரு காரணம். ஆசிரியைகள் தேவைப்பட்டது இன்னொரு காரணம். இல்லம் ஐஸ் ஹவுஸுக்கு மாறி வளர்ந்தது. 1922ல் லேடி வெலிங்டன் பயிற்சிக் கல்லூரி அவர் பொறுப்பில் வந்தது.

சமூகம் மூலையில் உட்காரவைத்த பெண்களை அவர் வகுப்பறையின் நாற்காலியில் உட்காரவைத்தார். இங்கே பயிற்சியும் சான்றிதழும் என்ன செய்தன என்று பார்க்க வேண்டும். தியாகராச செட்டியார் மாதிரி ஒருவர் வந்து கைகாட்ட மாட்டார் இந்தப் பெண்களுக்கு. மடம் சோறு போடாது. எந்தக் குருவின் பரம்பரையிலும் அவர்கள் பெயர் கிடையாது. சர்க்கார் முத்திரை குத்திய ஒரு காகிதம்தான் அவர்களுக்கு வேலைக்கும் மரியாதைக்கும் வழி. குரு பரம்பரைக்காகக் கண்ணீர் விடும்போது இந்தக் காகிதத்தை நான் மறக்கத் தயாரில்லை.

ஆக, 1880 கும்பகோணத்தையும் 1912 சென்னையையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். ஒன்றில், தெரிந்தவர் தெரிந்தவரைத் தேர்ந்தெடுக்கிறார். தேர்வு அற்புதமாக அமைகிறது, ஆனால் தெரிந்தவர்கள் வட்டம் சின்னது. இன்னொன்றில், முன்பின் தெரியாதவரும் உள்ளே வரலாம். ஆனால் தகுதியை யாரோ தூரத்தில் உட்கார்ந்து எழுதுகிறார்.

தஞ்சாவூர்க்காரர்கள் இந்த இரண்டையும் இணைக்கப் பார்த்ததும் உண்டு. 1901ல் தொடங்கிய மதுரைத் தமிழ்ச் சங்கம் பண்டிதர் பரீட்சைகளை நடத்தியது. 1911ல் கரந்தைத் தமிழ்ச் சங்கம். திருவையாற்றில் சம்ஸ்கிருதத்துக்கென்று நடந்துவந்த அரசர் கல்லூரியில், 1920களில் ஜில்லா போர்டு தலைவராக இருந்த ஏ.டி.பன்னீர்செல்வம் காலத்தில் தமிழ் வித்துவான் படிப்பும் நுழைந்தது. மராட்டிய ராஜாக்கள் விட்டுப்போன சத்திரச் சொத்தின் வருமானத்தில் நடந்த இடம் அது. மடத்தில் சொல்லிக்கொடுத்த நூல்கள்தான் பெரும்பாலும் பாடம். முடிவில் கையில் பட்டம், எந்த ஜாதிப் பையனும் அந்தப் பட்டத்தைக் காட்டி உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியர் ஆகலாம். அப்படி ஆன தலைமுறைதான் அடுத்த ஐம்பது வருஷம் டெல்டா முழுக்கத் தமிழ் சொல்லிக்கொடுத்தது. ‘என் சரித்திரம்’ பேசப்படுகிற அளவில் பத்தில் ஒரு பங்கு இந்தக் கதை பேசப்பட்டதில்லை.

பழைய கதைதானே என்று விட்டுவிட முடியவில்லை. 2012 ஜூலையில் தமிழ்நாட்டில் முதல் ஆசிரியர் தகுதித் தேர்வு நடந்தது. ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் எழுதினார்கள், 2,448 பேர் தேறினார்கள். எல்லோரும் பயிற்சிப் பட்டமோ பட்டயமோ படித்தவர்கள். அதே வருஷம் அக்டோபரில் மறுதேர்வு வைத்து, ஒன்றரை மணி நேரத்தை மூன்று மணி நேரமாக ஆக்கினார்கள். தேறினவர்கள் எண்ணிக்கை சுமார் 19,000 ஆயிற்று. மூன்று மாதத்தில் அத்தனை பேருக்குப் புதிதாக ஞானம் வந்துவிட்டதா என்ன? அளவுகோலை நகர்த்தினார்கள், ஆள் கிடைத்தார்கள். 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், ஓய்வுக்கு ஐந்து வருஷத்துக்கு மேல் உள்ள பணியிலிருக்கும் ஆசிரியர்களும் இரண்டு வருஷத்துக்குள் இந்தத் தேர்வில் தேற வேண்டும் என்று சொன்னபோது, இருபது வருஷம் பாடம் நடத்தியவர்கள் மறுபடி தகுதியைக் காட்ட வேண்டி வந்தது. இன்ஸ்பெக்டர் முன்னால் நின்ற திண்ணை வாத்தியாரை எனக்கு நினைக்காமல் இருக்க முடியவில்லை.

தேர்வே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. தேர்வு இல்லாத உலகத்தில் யார் யார் வெளியே நின்றார்கள் என்று மேலேயே சொல்லியாயிற்று. நான் சொல்வது, ‘தகுதியான ஆசிரியர் கிடைக்கவில்லை’ என்று ஒரு சர்க்கார் சொல்லும்போதெல்லாம் மூன்று கேள்வி கேட்டுப் பழக வேண்டும்: தகுதி எது என்று எழுதியது யார், அந்தத் தகுதியைச் சம்பாதிக்க ஒரு குடும்பத்துக்கு என்ன செலவாகும், சம்பாதித்தவருக்கு மாதக் கடைசியில் என்ன மிஞ்சும். மன்றோ மூன்றாவதைக் கேட்டார். சுப்புலட்சுமி இரண்டாவதற்கு ஒரு வீட்டையே பதிலாகக் கட்டினார். முதலாவதை இன்னமும் நாம் சரியாகக் கேட்கவில்லை.

‘என் சரித்திர’த்தை அடுத்த முறை எடுத்தால், சிந்தாமணி அத்தியாயத்துக்குத் தாவாமல், திருவாவடுதுறையிலிருந்து கும்பகோணம் போகிற அந்தச் சில அத்தியாயங்களை நிதானமாகப் படியுங்கள். செட்டியார் எவ்வளவு பாடுபட்டார் என்று தெரியும். கூடவே, அந்தச் சமயத்தில் உத்தமதானபுரம் மாதிரி ஒரு ஊர்த் திண்ணையில் ஆறேழு ரூபாய்க்கு உட்கார்ந்திருந்தவரையும் ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ளுங்கள். அவரைக் கைகாட்டிவிட யாரும் வரவில்லை.